மட்டாஞ்சேரிக்கு வந்து சேரும் தண்ணீர்

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் காயலை ஒட்டிய பழைய கிடங்குகளுக்கு இரண்டு வாசல். முன்வாசல் தெருவுக்கு, பின்வாசல் தண்ணீருக்கு. சரக்கு வந்து இறங்கியது பெரும்பாலும் பின்வாசலில்தான். மலைநாட்டு மிளகும் ஏலமும் சுக்கும் ஆற்றோடு இறங்கி வந்தன. தெற்கே குட்டநாட்டு நெல்லும் கொப்பரையும் கயிறும் கெட்டுவள்ளம் என்ற பெரிய படகில் வந்தன. வள்ளம் கிடங்கின் படிக்கட்டில் முட்டி நிற்கும். சுமைக்காரர்கள் மூட்டையை நேரே உள்ளே கொண்டுபோய் அடுக்குவார்கள்.

அன்று வயல் இந்த ஊருக்குத் தண்ணீர் வழியாக அனுப்பியது நெல். இன்று நெல் லாரி ஏறி ஆலைக்குப் போய்விடுகிறது. தண்ணீர் வழியாக மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்வது நெற்பயிர் உண்ணாமல் விட்ட உரம்தான். கரைந்து வருவதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. மழைக்காலம் தொடங்கியதும் காயல் முழுவதையும் பச்சையாக மூடிக்கொண்டு மிதந்து வரும் ஆகாயத்தாமரையைப் பார்க்கும்போதுதான் அது தெரியும். கொச்சிக்காரர்கள் அதைப் பாயல் என்கிறார்கள். ஃபோர்ட் கொச்சியின் சீனவலைகளில் மீனுக்குப் பதிலாகப் பாயல் ஏறுகிறது. படகின் விசிறியில் சுற்றிக்கொள்கிறது. கடற்கரை மணலில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து, இரண்டு நாளில் அழுகி நாறுகிறது. போதாததற்கு வண்டலும் ஏறியதால் மட்டாஞ்சேரி ஜெட்டியில் பல ஆண்டுகள் படகுச் சேவையே நின்றுபோயிருந்தது.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். வேம்பநாட்டுக் காயலில் ஆறு நதிகள் விழுகின்றன. ஐயப்ப பக்தர்கள் குளிக்கும் பம்பை, நம் செங்கோட்டைப் பக்கத்து மலைக்கு அந்தப்புறம் ஓடும் அச்சன்கோவில் ஆறு, மணிமலை, மீனச்சில் ஆகிய நான்கும் தெற்கே குட்டநாட்டு வயல்களுக்கு நடுவே புகுந்து வருகின்றன. மூவாற்றுப்புழை அதற்கு வடக்கே சேர்கிறது. பெரியாறு வடக்கிலிருந்து வருகிறது. இவ்வளவு தண்ணீரில் பெரும்பகுதி கடலுக்குப் போக இருப்பது ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவே உள்ள முகத்துவாரம். அதன் அகலம் சுமார் 450 மீட்டர். மட்டாஞ்சேரி அந்த வாயின் உள்ளோரத்தில் உட்கார்ந்திருக்கிறது. மேலே யார் வயலில் எதைக் கொட்டினாலும், எந்த மலைச்சரிவு கரைந்தாலும், அது ஒருநாள் இந்த ஊரைக் கடந்துதான் ஆகவேண்டும்.

கொச்சித் துறைமுகம் பிறந்ததே ஒரு வெள்ளத்தில்தான் என்பார்கள். 1341-இல் பெரியாறு பெருக்கெடுத்து முசிறித் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டு இங்கே வாய் திறந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. ஆற்று வண்டல் ஒரு துறையை மூடி இன்னொன்றைத் திறந்த ஊரில், வெள்ளத்தைக் கண்டு யாரும் முகம் சுளித்ததில்லை. மழைக்காலம் என்றால் வெள்ளம் வரும், வண்டல் வரும், வயலுக்கு உரம் வரும்; கோடை என்றால் கடல் உள்ளே ஏறும், உப்பு வரும். குட்டநாட்டின் பழைய வேளாண்மை முழுவதும் இந்த இரண்டு மாதிரித் தண்ணீரை நம்பி நடந்தது.

அங்கே வயல்கள் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் மேல் தாழ்வு. காயலுக்குள் முங்கி அடித்தட்டுச் சேற்றைக் கட்டி கட்டியாக வெட்டி எடுத்து, வள்ளத்தில் ஏற்றி, வரப்பு கட்டி எழுப்பிய நிலம் அது. அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் நிலமற்ற புலையர், பறையர் சாதித் தொழிலாளர்கள். அவர்கள் உயிரைப் பணயம் வைத்து உண்டாக்கிய நிலங்களுக்குத் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் பெயர்கள் சூட்டப்பட்டன: சித்திரா, மார்த்தாண்டம், ராணி. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் குட்டநாட்டைப் பாதுகாக்கவேண்டிய வேளாண் மரபு என்று அறிவித்தது. அந்தப் பட்டயத்தில் யார் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த மரபு முதலில் இவர்களுடையது.

பழைய நடைமுறையில் ஆண்டுக்கு ‘புஞ்ச’ எனப்படும் ஒரே நெற்பயிர்தான். தென்மேற்குப் பருவமழையில் வயல் முழுவதும் காயலோடு ஒன்றாகிக் கிடக்கும். மலையிலிருந்து வந்த வண்டல் படியும். மழை ஓய்ந்ததும் தண்ணீரை இறைத்து, விதைத்து, கோடை தொடங்கும்போது அறுப்பார்கள். பிறகு ஓருவெள்ளம் எனப்படும் உப்புநீர் ஏறும். அந்த உப்பு களைகளைக் கொன்றுவிடும்; மண்ணின் புளிப்பை மட்டுப்படுத்தும். கறுத்த கக்கா என்ற மட்டி இனம் பெருகுவதற்கும், ஆற்றுக்கொஞ்சு என்ற நன்னீர் இறால் முட்டையிடக் கீழே இறங்கிவருவதற்கும் அந்த உப்பு தேவை. அடுத்த மழை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போகும். வெளியே போகும் தண்ணீரில் சத்து இல்லாமல் இல்லை. 1960களில் கொச்சியில் இருந்து கடலியல் அறிஞர் எஸ்.இசட். காசிமும் அவருடைய சகாக்களும் இந்தக் காயலை மாதம் தவறாமல் அளந்தபோதே, மழைக்காலத்தில் ஆற்றுநீர் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் கொண்டுவந்து சேர்ப்பதைக் குறித்திருக்கிறார்கள். ஆனால் அன்று காயல் அதைத் தின்று செரித்தது. பாசி வளர்ந்தது, பாசியைத் தின்று இறாலும் மீனும் வளர்ந்தன, மீதி கடலுக்குப் போனது.

உரம் அன்றைக்கும் இங்கேதான் உற்பத்தியானது. கொச்சிக்கு வடக்கே ஏலூரில், பெரியாற்றங்கரையில், ஃபாக்ட் உரத்தொழிற்சாலை 1947-இல் அம்மோனியம் சல்பேட் தயாரிக்கத் தொடங்கியது. நாட்டின் முதல் பெரிய உரத்தொழிற்சாலை. அதைக் கட்டி எழுப்பியவர்கள் திருச்சியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்கள். திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் ஆதரவு பின்னால் இருந்தது. ஆரம்பத்தில் காட்டு விறகை எரித்துத்தான் அதற்கான வாயுவை எடுத்தார்கள். தஞ்சாவூர் உரக்கடையில் ஃபாக்டம்பாஸ் மூட்டை வாங்குகிற விவசாயி யாராக இருந்தாலும் அவருக்கும் இந்த ஆற்றங்கரைக்கும் தொடர்பு உண்டு. பஞ்சம் பார்த்த தலைமுறைக்கு அந்த மூட்டை ஒரு வரம். அதை மறந்துவிட்டு உரத்தை வெறும் விஷம் என்று பேசுவது சரியில்லை. பயிருக்குள் போகும்வரை அது சோறு. பயிரைத் தாண்டி வாய்க்காலில் இறங்கியபின் அது வேறு காரியம் செய்கிறது. நெல்வயலில் போடும் தழைச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பயிருக்குள் போகிறது. மீதி காற்றிலும் மண்ணிலும் நீரிலும் சேர்கிறது.

1955-இல் தோட்டப்பள்ளியில் வெள்ளத்தைக் கடலுக்கு விடும் மதகு வந்தது. 1970களின் நடுவில் வேம்பநாட்டின் குறுக்கே தண்ணீர்முக்கம் தடுப்பணை வந்தது. கோடையில் உப்பு ஏறாமல் ஷட்டரை இறக்கிவிட்டால் இரண்டாம் போகம் எடுக்கலாம் என்பது கணக்கு. எடுக்கவும் செய்தார்கள். டிசம்பர் நடுவில் மூடி மார்ச் நடுவில் திறக்கவேண்டும் என்பது ஏற்பாடு. விதைப்பு தள்ளிப்போனால் அறுப்பு தள்ளிப்போகும். அறுப்பு தள்ளிப்போனால் ஷட்டர் திறப்பு ஏப்ரல், சில ஆண்டுகளில் மே வரைகூட இழுக்கும். அந்த மாதங்களில் தெற்குப் பாதிக் காயலில் கடலின் ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. தேங்கிய நன்னீர், நிறைந்த உரச்சத்து, நல்ல வெயில். ஆகாயத்தாமரைக்கு இதைவிட என்ன வேண்டும்? சூழல் வாய்த்தால் ஒன்றிரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் செடி அது. ஷட்டர் திறந்ததும், பிறகு மழை தொடங்கியதும், அத்தனையும் வடக்கே கொச்சியை நோக்கி நகர்கிறது.

குட்டநாட்டில் உரம் வாய்க்காலுக்குப் போகும் விதம் நம் ஊர் வயல்களைப் போன்றது இல்லை. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். தஞ்சையிலோ மதுரையிலோ மிஞ்சிய நீர் தானாக வடிந்து கீழ்வயலுக்குப் போகும். இங்கே வயல் தாழ்வில் இருப்பதால் நீர் எங்கும் வடியாது. வரப்போரத்தில் மோட்டார்க் கொட்டகை. அதற்குள் பறை என்று சொல்லப்படும் செங்குத்தான மரத்தொட்டி, அதற்குள் சுழலும் விசிறி, தண்ணீரை வெளியே தள்ள நீண்ட மரப்பெட்டி. ‘பெட்டியும் பறையும்’ என்று பெயர். ஜார்ஜ் பிரண்டன் என்ற பொறியாளர் வடிவமைத்தது. நூறாண்டை ஒட்டிய பிறகும் பாடசேகரம் எனப்படும் வயல்தொகுதிகள் பலவற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன் மரச்சக்கரத்தில் ஏறி மிதித்துக் காலாலேயே இறைத்தார்கள். மோட்டார் ஓடும்போது பெட்டியின் வாயிலிருந்து வாய்க்காலுக்குள் கொட்டும் நீரைக் கவனியுங்கள்: பழுப்பு நிறம், ஓரமெல்லாம் நுரை, கரையில் துருப்பிடித்த இரும்புச் சிவப்பு. அந்த மண் கந்தகமும் இரும்பும் நிறைந்த புளிப்பு மண். விதைப்புக்கு முன் புளிப்பைக் கழுவ நீரை விட்டு விட்டு இறைப்பார்கள். உரமிட்ட பின்னும், பயிர் மூழ்காமல் காக்க, மழை பெய்தால் இறைத்தே ஆகவேண்டும்.

இங்கேதான் பருவநிலை மாற்றம் வந்து சேர்கிறது.

முன்பு மழைக்கு ஒரு கணக்கு இருந்தது. சூரியன் ஒவ்வொரு நட்சத்திரத்தில் நிற்கும் சுமார் பதினான்கு நாட்களை ஞாற்றுவேலை என்று மலையாள விவசாயிகள் பிரித்து வைத்திருந்தார்கள். ஜூன் கடைசியில் வரும் திருவாதிரை ஞாற்றுவேலை நிதானமான மழைக்குப் பேர்போனது. கொம்பை ஒடித்து நட்டாலும் தளிர்க்கும் என்பார்கள். மிளகுக் கொடியைப் போர்ச்சுக்கீசியர் கொண்டுபோகிறார்களே என்று கோழிக்கோட்டுச் சாமூதிரியிடம் முறையிட்டபோது, கொடியைத்தானே கொண்டுபோக முடியும், நம் திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியாதே என்று அவர் சொன்னதாக ஒரு கதை கேரளம் முழுவதும் உண்டு. யாரும் கொண்டுபோகாமலேயே அந்த மழை இப்போது கைநழுவிக்கொண்டிருக்கிறது.

அரபிக்கடல் வேகமாகச் சூடேறிவருகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடும். மாதம் முழுவதும் பரவிப் பெய்யவேண்டியது சில நாட்களில், சில மணி நேரங்களில் கொட்டுகிறது; நடுவே வறண்ட இடைவெளி நீள்கிறது. 2018-இல் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் பெய்யவேண்டியது 1,649.5 மில்லிமீட்டர், பெய்தது 2,346.6. அதில் ஆகஸ்ட் 15, 16, 17 ஆகிய மூன்றே நாட்களில் மாநில சராசரியாக 414 மில்லிமீட்டர். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மறுபடியும் வெள்ளம். 2021 அக்டோபர் 16-இல் கோட்டயம் மாவட்டம் கூட்டிக்கலில் மலைகள் சரிந்தன. அந்த மண் மணிமலை ஆற்றில் இறங்கியது. 2024 மே 28 காலையில், பருவமழை இன்னும் தொடங்காத நிலையில், களமசேரியிலுள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து மழைமானியில் ஒரு மணி நேரத்துக்குள் நூறு மில்லிமீட்டரை ஒட்டிய மழை பதிவானது.

வயலில் நிற்பவருக்கு இதெல்லாம் என்னவாகத் தெரியும்? யூரியா தண்ணீரில் முழுதாகக் கரைவது. மேலுரம் தூவி இரண்டு மூன்று நாள் வயல் அமைதியாக இருந்தால் பயிர் எடுத்துக்கொள்ளும். தூவிய மறுநாள் நூறு மில்லிமீட்டர் கொட்டினால் வயல் நிரம்பிவிடும்; பயிரைக் காப்பாற்ற மோட்டார் போட்டே ஆகவேண்டும்; உரம் பெட்டி வழியாக வாய்க்காலுக்குப் போய்விடும். பயிர் வெளுக்கத் தொடங்கியதும் அவர் மறுபடியும் ஒரு மூட்டை வாங்குவார். கடன் அவருக்கு, சத்து காயலுக்கு. மடை உடைந்துபோனால் பயிர், உரம், வரப்பு மண் மூன்றும் சேர்ந்து போகும். இதில் விவசாயியைக் குற்றவாளியாக்கிப் பேசும் நகரத்துப் பேச்சு எனக்கு உடன்பாடில்லை. நஷ்டப்படுகிறவரே அவர்தான்.

மணிச்சத்தின் வழி வேறு. அது மண்துகளில் ஒட்டிக்கொண்டு போவது. மலைச்சரிவில் ரப்பர், தேயிலை, ஏலத்தோட்டங்களின் மேல்மண்ணை மெல்லிய மழை அரிக்காது. கொட்டும் மழை அடித்துக்கொண்டு போகும். அது வேம்பநாட்டின் அடியில் படிகிறது. படிந்த இடத்தில் உயிர்வளி இருக்கும்வரை இரும்பு அந்த மணிச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும். உயிர்வளி தீர்ந்தால் இரும்பு பிடியை விட்டுவிடும். பழைய ஆண்டுகளின் உரமும் நீருக்குள் கலக்கும். நீர் சூடானால் உயிர்வளி குறையும் என்பது சாதாரண இயற்பியல்: 20 டிகிரியில் நன்னீர் ஒரு லிட்டரில் ஒன்பது மில்லிகிராம் வரை வைத்திருக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். ஆகவே வெப்பம் இரண்டு பக்கமும் அடிக்கிறது. மேலிருந்து உரத்தை அதிகமாகக் கழுவிவிடுகிறது. கீழே அதைத் தாங்கும் நீரின் வலுவைக் குறைக்கிறது.

மட்டாஞ்சேரி ஜெட்டிப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கும் பாயல் செடி ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் எல்லாம் கையில் தெரியும். இலைக்காம்பு நடுவில் உப்பி, காற்றறை நிறைந்து, அழுத்தினால் நொறுங்கும். அடியில் கருநீல வேர் கற்றையாகத் தொங்கும். வேரிழைகளில் மெல்லிய சேறு பூசியிருக்கும். உதறினால் நகக்கண் அளவு நத்தைகளும் கண்ணாடி நிறத்து இறால் குஞ்சுகளும் விழும். நீரில் கரைந்த தழைச்சத்தையும் மணிச்சத்தையும் அந்த வேர்தான் உறிஞ்சி இலையாக்கியிருக்கிறது. இந்தச் செடி இங்கேயே இருந்துவிட்டாலும் ஒருவகையில் பரவாயில்லை. ஆனால் டிசம்பரில் உப்பு ஏறும்போது அத்தனையும் செத்து, அழுகி, காயலின் அடியில் போய்ப் படுக்கிறது. குட்டநாட்டில் தின்ற உரத்தைக் கொச்சியில் இறக்கி வைக்கிறது. அழுகும்போது இருக்கும் கொஞ்ச உயிர்வளியையும் இழுத்துக்கொள்கிறது. காயலின் ஆழத்தைக் குறைக்கும் பல காரணங்களில் இதுவும் ஒன்று. கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு, 1900-இல் இருந்த கொள்ளளவில் 85 விழுக்காட்டை வேம்பநாடு இழந்துவிட்டதாகச் சொல்கிறது. வெள்ளத்தை வாங்கி வைத்து நிதானமாகக் கடலுக்கு விடும் இடம் போய்விட்டது. உரச்சத்தை நீர்க்கச் செய்யும் நீரும் குறைந்துவிட்டது.

2024 மே 20 இரவு நடந்ததை கொச்சியில் யாரும் மறக்கவில்லை. கடும் கோடை. பெரியாற்றில் பாதாளம் தடுப்பணைக்கு மேலே நீர் வாரக்கணக்கில் தேங்கிக் கிடந்தது. கோடைமழை வலுத்ததும் ஷட்டர்களைத் திறந்தார்கள். மறுநாள் காலை ஏலூரிலிருந்து வராப்புழை, கடமக்குடி வரை ஆறு முழுக்கச் செத்த மீன். கூண்டில் கரிமீனும் கொடுவாவும் வளர்த்தவர்கள், அறுவடைக்கு நின்ற மீனை ஒரே இரவில் இழந்தார்கள். தேங்கிய நீரில் உயிர்வளி தீர்ந்துபோயிருந்தது என்றது மாசுக்கட்டுப்பாட்டு வாரியம்; அம்மோனியாவும் சல்ஃபைடும் கொல்லும் அளவில் இருந்தன என்றது மீன்வளப் பல்கலைக்கழகம். ஆலைகள் இருட்டில் எதையோ திறந்துவிட்டன என்றார்கள் மீனவர்கள். அது ஆலைகள் சூழ்ந்த பகுதி. அங்கே நடந்ததை வயல் உரத்தின் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் அந்த இரவுக்கு இட்டுச்சென்ற வரிசையைப் பாருங்கள்: நீண்ட வறட்சி, மூடிய ஷட்டர், தேங்கிய சத்து, திடீரென்று பெருமழை. வேம்பநாட்டின் தெற்கிலும் அதே நான்கும் ஆண்டுதோறும் வரிசையாக நிற்கின்றன.

கொச்சி நகரமும் சுத்தமான சாட்சி இல்லை. மாநகரின் கழிவுநீரில் மிகச் சிறு பகுதிதான் சுத்திகரிப்புக்குப் போகிறது. மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சியின் கல்வத்தி, ராமேஸ்வரம் வாய்க்கால்கள் ஒருகாலத்தில் வள்ளம் ஓடியவை. இன்று வீட்டுச் சாக்கடையைச் சுமந்து காயலில் விடுகின்றன. 2020 ஊரடங்கின் போது செயற்கைக்கோள் படங்களில் வேம்பநாட்டின் கலங்கல் சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது தெரிந்தது. படகு, ஆலை, விடுதி எல்லாம் சேர்ந்துதான் காயலைக் கலக்குகின்றன.

இது கொச்சியின் சிக்கல் மட்டும் இல்லை. 2019 அக்டோபரில் நெதர்லாந்து மன்னர் மட்டாஞ்சேரிக்கு வந்து டச்சு அரண்மனையைப் பார்த்துவிட்டுப் போனார். அதே மாதம் அவருடைய நாட்டில் ஆயிரக்கணக்கான டிராக்டர்கள் ஹேக் நகரத்தை அடைத்து நின்றன. கால்நடைப் பண்ணைகளிலிருந்து வரும் நைட்ரஜனைக் கட்டுப்படுத்தும் நீதிமன்றத் தீர்ப்புக்கும் அரசின் திட்டத்துக்கும் எதிரான விவசாயிகள் போராட்டம் அது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசு ஆற்றுக்கு இடம்விடும் முறையைக் கற்றுக்கொள்ளப் போனதும் அந்த நாட்டுக்குத்தான். வெள்ளத்தைச் சமாளிக்கக் கற்ற நாடும் நைட்ரஜனை இன்னும் சமாளிக்கவில்லை. அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரையில் டொலிடோ நகரம் 2014 ஆகஸ்டில் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று ஏறக்குறைய ஐந்து லட்சம் பேருக்கு அறிவித்தது. வயல்களிலிருந்து வந்த மணிச்சத்தில் வளர்ந்த நச்சுப்பாசிதான் காரணம். 2017-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, மழைப்போக்கு மாறுவதால் மட்டுமே இந்த நூற்றாண்டின் முடிவில் அமெரிக்க ஆறுகளில் நைட்ரஜன் 19 விழுக்காடு அளவுக்குக் கூடலாம் என்று கணக்கிட்டது. அதே ஆபத்து இந்தியாவுக்கும் பெரிது என்று சேர்த்துச் சொன்னது. விவசாயி ஒரு மூட்டைகூட அதிகம் போடாமலேயே நீரில் சத்து கூடும் என்பதுதான் அதன் பொருள்.

மட்டாஞ்சேரியிலிருந்து கூப்பிடு தூரத்தில், இதற்கெல்லாம் எதிர்த்திசையில் ஒரு வேளாண்மை இன்னும் உயிரோடு இருக்கிறது. செல்லானம், கும்பளங்கி, வைப்பின், கடமக்குடி, ஏழிக்கரை. அங்கே பொக்காளி நெல். 2008-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஜூனில் மழை உப்பைக் கழுவியதும் சேற்று மேடுகளில் விதைப்பார்கள். நாற்று வந்ததும் மேட்டைக் கலைத்துப் பரப்பிவிடுவார்கள். பயிர் ஆள் உயரம் வளரும். அக்டோபர் வாக்கில், இடுப்பளவு நீரில் நின்று கதிரை மட்டும் அறுப்பார்கள். தாள் அங்கேயே அழுகும். நவம்பர் நடுவில் மதகைத் திறந்தால் கடல்நீரோடு இறால் குஞ்சு உள்ளே வரும். தாளைத் தின்று வளரும். ஏப்ரல் நடுவரை இறால் அறுவடை. ஒரு நெல், ஒரு மீன். யூரியா இல்லை, பூச்சிமருந்து இல்லை. தெளித்தால் அடுத்து வரும் இறால் பிழைக்காது. காயல் கொண்டுவரும் வண்டலும் சத்தும்தான் உரம். மேலே இருந்து மட்டாஞ்சேரி நோக்கி வரும் மிச்ச உரத்தில் ஒரு பகுதியைப் பிடித்து நெல்லாகவும் இறாலாகவும் திருப்பித் தரும் வயல் இது. முன்பு சுமார் 25,000 ஹெக்டேர் இருந்ததாகச் சொல்லப்படும் பொக்காளி நிலத்தில் இன்று சாகுபடியாவது மிகச் சிறு பகுதி. ஆள் கிடைப்பதில்லை; இறாலில் வரும் பணம் நெல்லில் வருவதில்லை; வீட்டுமனை விலை இரண்டையும் விழுங்குகிறது. அதோடு அறுப்பு நேரத்தில் பெருமழையும், நேரம் தவறி ஏறும் உப்பும் சேர்ந்து விதைத்ததையும் கெடுக்கின்றன. நகரத்தின் ஓரத்தில் கூலி வாங்காமல் நீரைச் சுத்தம் செய்துகொண்டிருந்த வயலை நாம் தரிசாகப் போடுகிறோம். இந்த முழுக் கதையிலும் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

என்ன செய்யலாம் என்பதில் புதிதாகக் கண்டுபிடிக்க அதிகம் இல்லை. குட்டநாட்டின் மங்கொம்பைப் பூர்வீகமாகக் கொண்டு கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனின் தலைமையில் அவருடைய ஆராய்ச்சி நிறுவனம் 2007-இல் குட்டநாட்டுக்காக ஓர் அறிக்கை கொடுத்தது. சாகுபடி நாட்காட்டியை ஒழுங்குபடுத்தி, தண்ணீர்முக்கம் மூடியிருக்கும் நாட்களைக் குறைக்கவேண்டும் என்பது அதில் முக்கியமான ஒன்று. 1,840 கோடி ரூபாய்த் திட்டமாக அது அறிவிக்கப்பட்டது. பணம் எதற்கெல்லாமோ போனது. நாட்காட்டி மட்டும் ஒழுங்குக்கு வரவில்லை. ஆண்டுதோறும் ஷட்டர் திறக்கும் தேதிக்காக மீனவர்களும் விவசாயிகளும் எதிரெதிரே நிற்கிறார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மழை தன் நாட்களை மாற்றிக்கொண்ட பிறகு, ஐம்பதாண்டுக்கு முன் எழுதிய தேதியைப் பிடித்துக்கொண்டு சண்டையிடுவதால் யாருக்கும் பயனில்லை. குறுகிய வயது நெல், ஒரே நேரத்தில் விதைப்பு, முன்கூட்டி அறுப்பு. அதற்கான விதையும் பம்பிங் வசதியும் அக்டோபருக்குள் விவசாயி கையில் இருந்தால், மார்ச் நடுவில் ஷட்டரைத் திறப்பதில் யாருக்கும் நஷ்டம் வராது.

பாயலை அள்ளும் இயந்திரங்களை இறக்கிப் படம் எடுத்துக்கொள்வது எளிது. அள்ளுவதும் வேண்டியதுதான், ஆலப்புழை எஸ்.டி. கல்லூரியில் அதை வைத்துப் பயனுள்ள பொருட்கள் செய்யும் ஆய்வு பல ஆண்டுகளாக நடக்கிறது. 1980களில் ஆப்பிரிக்கப் பாயல் என்ற வேறொரு மிதவைச் செடி குட்டநாட்டை மூடியபோது ஒரு சிறு வண்டு வந்து அதை அடக்கியது. ஆனால் ஒரு செடியை ஒழித்தால் அந்த இடத்தில் இன்னொரு செடி. நீரில் சத்து இருக்கும்வரை ஏதாவது ஒன்று அதைத் தின்று வளரும்.

ஆகவே கேட்கவேண்டியதைத் தெளிவாகக் கேட்கலாம். கேரள அரசு நெல்வயலைத் தரிசாகப் போடாமல் வைத்திருப்பவர்களுக்கு 2020 முதல் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை தருகிறது. பொக்காளிக்கு அதைப் பல மடங்காக்கட்டும்; கொச்சி மாநகராட்சியும் துறைமுகமும் அதில் பங்கு போடட்டும், ஏனென்றால் அந்த வயல் செய்யும் வேலையின் பலன் அவர்களுக்குத்தான். வானிலை மையம் தரும் மூன்று நாள் மழை முன்னறிவிப்பு ஒவ்வொரு பாடசேகரத்துக்கும், நம் பக்கம் ஒவ்வொரு டெல்டா கிராமத்துக்கும், மேலுரம் போடும் வாரத்தில் தவறாமல் போய்ச் சேரட்டும். இதைப் படிக்கும் விவசாயி யாராயிருந்தாலும் அவரிடம் ஒரு வேண்டுகோள்: யூரியா மூட்டையைப் பிரிக்குமுன் அடுத்த மூன்று நாள் மழை எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். கனமழை என்றால் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.